பெங்களூரு காற்றும் என் டிரான்ஸ்ஃபர் படிவமும்

ரொம்ப நாளாயிற்று. மார்ச் முடிவுக் கணக்கு, அதற்குப் பிறகு ஆடிட், அதற்குப் பிறகு சின்னவனுக்கு வீசிங் என்று எழுத உட்காரவே முடியவில்லை. இன்று எழுதுவதும் அந்த வீசிங்கால்தான்.

பையனுக்கு ஒன்பது வயது. மூன்று வருடமாக நவம்பர் வந்தால் இழுப்பும் வந்துவிடுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குவான். தங்கமணி நெபுலைசரை மாட்டுவார், நான் முதுகைத் தடவுவேன். ஊரில் அப்பாவிடம் சொன்னால் ஒரே பதில்தான்: "ஏல, புள்ளைய இங்க கூட்டிட்டு வந்துரு. பொதிகைக் காத்த விட்டுட்டு அங்க என்னல கெடக்கு?" அம்பாசமுத்திரத்துக்காரர் அப்படித்தான் சொல்வார். அந்த வாரம் பார்த்து ஆபீஸிலும் டிரான்ஸ்ஃபர் விருப்பப் படிவம் கொடுத்துவிட்டார்கள். மூன்று ஊர் எழுத வேண்டும். முதல் ஊர் எது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி.

நமக்குத் தெரிந்தது பி.காம். முடிவெடுக்கும் முன் பழைய லெட்ஜரைப் புரட்டுவதுதான் பழக்கம். இந்த ஊர்க் காற்றின் லெட்ஜரையும் புரட்டிப் பார்த்தேன். கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், நம் ஆட்கள் இங்கே குடியேறியதற்குக் காரணமே நல்ல காற்றுதான். 1799ல் திப்பு வீழ்ந்த பிறகு வெள்ளைக்காரப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியது. காவேரிக் கரை, கொசு, காய்ச்சல். சிப்பாய்கள் சண்டையில்லாமலே செத்தார்கள். 1809ல் படையைத் தூக்கி, கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள். மதராஸ் படையோடு சிப்பாய், சமையல்காரர், கொத்தனார், காண்டிராக்டர் என்று தமிழர்களும் வந்து அல்சூர் பக்கம் நிலைத்தார்கள். 1898ல் பிளேக் வந்து பழைய பேட்டை நடுங்கியபோது, அகலமான தெருவும் காற்றோட்டமுமாக பசவனகுடியும் மல்லேஸ்வரமும் வளர்ந்தன. பிறகு ஓய்வு பெற்றவர்களின் சொர்க்கம் என்று பெயர்.

அந்தப் பெயர் எப்போது கெட்டது? இதற்கு ஒரு குழந்தை வைத்தியர் பதில் வைத்திருக்கிறார். டாக்டர் எச். பரமேஷ், தன் மருத்துவமனைக்கு வந்த இருபதாயிரம் குழந்தைகளின் கணக்கை 1979லிருந்து 1999 வரை எடுத்து வைத்தார். 1979ல் ஆஸ்துமா 9 சதவீதம். 1984ல் 10.5. 1989ல் 18.5. 1994ல் 24.5. 1999ல் 29.5. இருபது வருடத்தில் மூன்று மடங்குக்கு மேல். (இது ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளின் கணக்கு, ஊரில் உள்ள எல்லாக் குழந்தைகளுடையதும் இல்லை. ஆடிட் குறிப்பு எழுதுகிற கை, சும்மா இருக்காது.) பள்ளிக்கூடங்களிலும் பார்த்திருக்கிறார். வண்டி நெரிசலுள்ள சாலையோரப் பள்ளிகளில் 19 சதவீதம் குழந்தைகளுக்கு ஆஸ்துமா. நெரிசல் குறைவான இடத்துப் பள்ளிகளில் 11. நெரிசலும் வறுமையும் சேர்ந்த இடத்தில் 31. இந்த மூன்று எண்களையும் நினைவில் வையுங்கள், கடைசியில் வருகிறேன்.

அந்த இருபது வருடத்தில் ஊரில் பெருகியவை பீன்யா தொழிற்பேட்டையும், அதைவிட இரு சக்கர வண்டியும் ஆட்டோவும். பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். அதில் கணிசமான பங்கு எரியாமலே சைலன்சர் வழியாக வெளியே வரும். ஆட்டோ ஸ்டார்ட் செய்தவுடன் வரும் அந்த நீலப் புகை, என் வயதுக்காரர்களுக்கு மறக்காது. நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல்தான் அது!

அந்தப் புகையில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. ஈயம். இன்ஜின் தட்டாமல் ஓடுவதற்காகப் பெட்ரோலில் ஈயக் கலவையைச் சேர்க்கலாம் என்று 1921ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு உலகம் முழுக்க வண்டிகள் தெருவில் ஈயத்தைத் தூவிக்கொண்டே ஓடின. ஈயம் உடலுக்குள் போனால் பெரியவர்களைவிடக் குழந்தைகளைத்தான் அதிகம் தாக்கும்; மூளை வளர்ச்சியில் கை வைக்கும். அமெரிக்கா எழுபதுகளிலேயே குறைக்கத் தொடங்கிவிட்டது. நம் நாட்டில் 1995ல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு ஊருக்கு மட்டும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. பெங்களூர் அந்தப் பட்டியலில் இல்லை.

பட்டியலில் இல்லாத இந்த ஊரிலிருந்துதான் கணக்கு கிளம்பியது. பெங்களூரைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை, தொண்ணூறுகளின் கடைசியில் நாட்டின் பெரிய நகரங்களில் இருபதாயிரம் பேருக்கு மேல் ரத்தம் எடுத்து ஈயத்தை அளந்தது. செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷ் இதில் முக்கியமானவர். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, அன்றைய அபாய அளவான 10 மைக்ரோகிராமைத் தாண்டி ஈயம் இருந்தது. பாதிக்கு மேல்! 1999 பிப்ரவரியில் பெங்களூரிலேயே ஈய நச்சு பற்றி சர்வதேச மாநாடு நடந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. இதற்கு அந்த ஆய்வு மட்டும் காரணமில்லை, எம்.சி. மேத்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட் கொடுத்த அழுத்தமும் பெரியது. ஆனாலும் ரத்தத்தில் எவ்வளவு என்று எண் வந்த பிறகு யாரும் மழுப்ப முடியவில்லை. (உலகத்தில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021ல். நாம் ஒன்றும் மோசமில்லை.)

நான் இந்த ஊருக்கு வந்தது 2004ல். அதனால் என் பிள்ளைகள் வண்டிப் புகையில் ஈயத்தைச் சுவாசித்ததில்லை. இதற்காக நான் யாருக்கும் நன்றி சொன்னதுமில்லை, போன மாதம் வரை தெரியவே தெரியாது.

சரி, காற்றில் தூசியை எப்படி அளக்கிறார்கள்? இது நகைக்கடன் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். ஒரு மெஷின், கண்ணாடி நாரிலான வடிதாள் வழியாகக் காற்றை 24 மணி நேரம் இழுக்கும். தாளை முன்னால் ஒரு எடை, பின்னால் ஒரு எடை. வித்தியாசம்தான் தூசி. அதை இழுத்த காற்றின் கன மீட்டரால் வகுத்தால் அன்றைய அளவு. எடை போடும் முன் தாளின் ஈரத்தைப் போக்க வேண்டும். இல்லாவிட்டால் அரக்கும் கல்லுமாகச் சேர்த்து நகையை எடை போட்ட கதைதான். எங்கள் அப்ரைசரிடம் சொன்னேன், "நம்ம தொழில்தான் சார்" என்று சிரித்தார்.

கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1974ல் வந்தது, முதலில் தண்ணீருக்காக. காற்றுக்கான சட்டம் 1981ல்தான். மத்திய வாரியத்தின் திட்டப்படி இந்த வடிதாள் வேலை வாரத்துக்கு இரண்டு நாள், வருடத்துக்கு 104 நாள். மீதி 261 நாள்? அது கணக்கில் வராது. காலாண்டுக்கு ஒரு தடவை ஆடிட்டர் வந்து போவது போல. ஆரம்பத்தில் எல்லாத் தூசியையும் மொத்தமாக எடை போட்டார்கள். பிறகு நுரையீரலுக்குள் போகும் பி.எம். 10. 2009 நவம்பரில் வரம்புகளைத் திருத்தியபோதுதான் அதைவிட நுண்ணிய பி.எம். 2.5 சேர்ந்தது: ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்னது 5. எட்டு மடங்கு வித்தியாசம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு மணிக்கு மணி தானாக அளக்கும் நிலையங்கள் வந்தன. எங்களுக்கு கோர் பேங்கிங் வந்த மாதிரி. சிட்டி ரயில் நிலையம், பி.டி.எம். லேஅவுட், பீன்யா என்று தொடங்கி ஹெப்பாள், ஜெயநகர், சில்க் போர்டு வரை. 2015 ஏப்ரலில் ஏ.க்யூ.ஐ. என்ற ஒற்றை எண் முதலில் பத்து நகரங்களுக்கு வந்தபோது பெங்களூரும் அதில் இருந்தது. அந்த எண் சராசரி இல்லை என்பது பலருக்குத் தெரியாது. எந்த மாசு மோசமோ அதன் மார்க்தான் மொத்த மார்க். ஒரு பாடத்தில் ஃபெயில் என்றால் ஃபெயில்.

எது எவ்வளவு புகை விடுகிறது என்று டெரி நிறுவனம் இங்கே ஆராய்ந்து 2010ல் அறிக்கை கொடுத்தது. பி.எம். 10 தூசியில் வண்டிகள் 42 சதவீதம், சாலைப் புழுதி 20, கட்டுமானம் 14, தொழிற்சாலை 14, டீசல் ஜெனரேட்டர் 7, வீட்டு அடுப்பு 3. அந்த 7ஐப் பார்த்ததும் எனக்கு உறுத்தியது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளையில் ஜெனரேட்டரின் புகைக்குழாய் பக்கத்து நர்சரி பள்ளியின் சுவரைப் பார்த்து இருந்தது. கரண்ட் போகும்போதெல்லாம் ஓடும். இரண்டு வருடம் நானும் அதைக் கடந்துதான் டீ குடிக்கப் போனேன். ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

குறைப்பும் நடக்காமல் இல்லை. ஆட்டோக்கள் 2000க்குப் பிறகு எல்.பி.ஜி.க்கு மாறின. 2005ல் பாரத் ஸ்டேஜ் 3, 2010ல் 4, 2020ல் நாட்டோடு சேர்ந்து 6. டீசலில் கந்தகம் 350லிருந்து 50, பிறகு 10 பங்கு (பத்து லட்சத்துக்கு). 2011 அக்டோபரில் பையப்பனஹள்ளியிலிருந்து எம்.ஜி. ரோடு வரை மெட்ரோ. 2020 நவம்பரில் சர்ச் ஸ்ட்ரீட்டில் வார இறுதிகளில் வண்டிகளை நிறுத்தி நடக்க விட்டார்கள், நாங்களும் போனோம், ஐஸ்கிரீம்தான் ஞாபகம் :-)

ஒரு வண்டி விடும் புகை குறைந்தது நிஜம். ஆனால் வண்டிகள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. வட்டியைக் குறைத்துவிட்டு அசலை ஏற்றினால் தவணை எப்படிக் குறையும்? பி.எம். 10 வருடக்கணக்கில் வரம்பை மீறியதால், 2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் பட்டியலில் பெங்களூரும் சேர்ந்தது.

இனி வீட்டு விஷயம். எங்கள் வீடு சில்க் போர்டுக்குப் பக்கத்தில், ரிங் ரோட்டைப் பார்த்த பால்கனி. ஊரைவிட்டே போவதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அந்த 19க்கும் 11க்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஊருக்குள் இருந்த வித்தியாசம் என்று தங்கமணிதான் முதலில் சொன்னார். டாக்டரிடம் கேட்டோம். "பெரிய ரோட்டை விட்டுத் தள்ளிப் போங்க, மருந்தை நிறுத்தாதீங்க" என்றார்.

போன மாதம் மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே, புங்கமரம் உள்ள ஒரு குறுக்குத் தெருவுக்கு மாறிவிட்டோம். வாடகை நாலாயிரம் அதிகம். ஸ்கூல் வேன் ஏறும் இடத்துக்கு நடை. படிவத்தில் முதல் விருப்பம் பெங்களூரு, இரண்டாவது திருநெல்வேலி என்று எழுதிக் கொடுத்தேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நவம்பர் வரட்டும், பையன் ராத்திரி எப்படித் தூங்குகிறான் என்று பார்த்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம்.