தொண்டமாந்துறை தந்த இதழாசிரியர்

பழைய இதழ்கள் என்றதும் நம் பெரியவர்களின் நினைவுக்கு முதலில் வருவது தாவூத்ஷா அவர்களின் 'தாருல் இஸ்லாம்'. இலக்கியத்திற்கென்றே ஓர் இதழைப் பல்லாண்டுகள் நடத்திய ஒருவர் நம் பெரம்பலூர் மாவட்டத்துத் தொண்டமாந்துறையில் 1917-இல் பிறந்தவர் என்பதை நம்மில் பலர் அறிந்திருக்கமாட்டோம். அவர் கவிஞர் திருலோக சீதாராம்.

அன்று பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தவை. அண்டை ஊரான துறையூரிலிருந்து 'கிராம ஊழியன்' என்னும் அரசியல் இதழ் வெளிவந்துகொண்டிருந்தது. உலகப் போர் நடந்த காலம். காகிதத்திற்குக் கடும் கட்டுப்பாடு. புதிதாக இதழ் தொடங்குவது எளிதன்று. ஆகவே, ஏற்கெனவே வந்துகொண்டிருந்த அவ்விதழே 1943-இல் இலக்கிய இதழாக மாற்றப்பட்டது. சீதாராம் ஆசிரியர், சிறுகதை மேதை கு.ப.ராஜகோபாலன் சிறப்பாசிரியர். மறு ஆண்டே கு.ப.ரா. மறைந்தார். பின்னர் வல்லிக்கண்ணன் பொறுப்பேற்று 1947 வரை நடத்தினார்.

சீதாராம் திருச்சியில் 'சிவாஜி' இதழை நடத்தலானார். பெயரைக் கண்டு திரைப்பட இதழ் என்று எண்ணிவிட வேண்டாம். அது முழுமையான இலக்கிய இதழ்.

கணினி அச்சு பழகிவிட்ட இக்காலத்தில், அன்று ஓர் இதழ் உருவான விதத்தைச் சற்று எண்ணிப் பார்த்தல் நலம். ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்துப் பக்கமாக்க வேண்டும். கைப்படி எடுத்துப் பிழை திருத்த வேண்டும். சிறிய அச்சகத்தில் முழு இதழையும் கோப்பதற்குப் போதிய எழுத்துக்கள் இருப்பதில்லை. சில பக்கங்களை அச்சடித்து, எழுத்துக்களைக் கலைத்து அறைகளில் போட்ட பிறகே அடுத்த பக்கங்களைக் கோக்க முடியும். அச்சடித்த பக்கத்தில் பிழை தெரிந்தால் ஆசிரியர் மனம் வருந்துவதைத் தவிர வேறு வழியில்லை. மடிப்பதும் தைப்பதும் முகவரி எழுதி அஞ்சலில் சேர்ப்பதும் இவற்றுக்குப் பின்னர்தான். சிற்றிதழ்களில் இவ்வேலைகளுள் பெரும்பகுதி ஆசிரியர் தலையிலேயே விழும். விளம்பரம் கேட்டு அலைவதும் அவர் பாடே!

இத்தனைக்கும் இடையில் ஹெர்மன் ஹெஸ்ஸியின் 'சித்தார்த்தா' நாவலைத் தமிழாக்கினார். பாரதியின் பாடல்களை மேடைதோறும் பரப்பினார். பாரதியின் துணைவியார் செல்லம்மாள் அவர்களை இறுதிக் காலத்தில் மகனைப் போலப் பேணினார். இவர் மேடைப் பேச்சைப் புகழ்வோர் மிகுதி. ஆயினும், முகமறியாத இளைஞரின் எழுத்தைப் படித்துப் பார்த்து இடம் தந்ததே இவரது பெரும்பணி என்பது எம் கருத்து. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற சுஜாதாவின் முதல் கதை 1953-இல் 'சிவாஜி'யில்தான் அச்சேறியது. 1973-இல் தாம் மறையும் வரை சீதாராம் இதழை விடவில்லை.

அந்த முதல் கதை வந்த இதழின் படி சுஜாதாவிடமே இல்லை. வைத்திருப்போர் உண்டா என்று வாசகர்களிடம் கேட்டு எழுதினார். சிற்றிதழ்கள் குறைந்த படிகளே அச்சாகும். படித்தபின் எடைக்குப் போய்விடும். நம் பகுதியில் எவர் வீட்டுப் பரணிலேனும் பழைய 'கிராம ஊழியன்', 'சிவாஜி' இதழ்கள் இருப்பின், கடைக்கு அனுப்புமுன் ஒரு நூலகத்தாரிடம் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.