இங்கிலாந்தின் கவுண்டி கட்டிடங்கள்: கட்டியவர்கள் யார், காப்பவர்கள் யார்?

இங்கிலாந்தில் 2023ஆம் ஆண்டின் புதிய கல்வியாண்டு தொடங்குவதற்குச் சில நாட்களே இருந்த நிலையில், ஆகஸ்ட் 31ஆம் தேதி, 104 பள்ளிகளுக்கும் ஏனைய கல்வி நிலையங்களுக்கும் கல்வி அமைச்சகத்திடமிருந்து ஓர் அவசர உத்தரவு சென்றது. அவற்றின் கூரைகளில் உள்ள ஒரு வகைக் கான்கிரீட் எந்த நேரத்திலும் இடிந்து விழக்கூடும் என்றும், பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யப்படும் வரை அந்தப் பகுதிகளைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அந்த உத்தரவு கூறியது. பல மாணவர்கள் தற்காலிக அறைகளிலும், அருகிலிருந்த வேறு பள்ளிகளிலும், சில நாட்கள் வீட்டிலிருந்தபடியும் பாடம் படிக்க நேர்ந்தது.

பாதிக்கப்பட்ட பள்ளிகள் மிக அதிகமாக இருந்தது லண்டனுக்குக் கிழக்கே உள்ள எசெக்ஸ் கவுண்டியில். இந்தக் கட்டிடங்களில் பெரும்பாலானவை இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சில பத்தாண்டுகளில், கவுண்டி மன்றங்கள் பள்ளிகளை வேகமாகக் கட்டி எழுப்பிய காலத்தைச் சேர்ந்தவை. பொதுப் பணத்தில் கட்டப்பட்ட கட்டிடங்களைப் பராமரிக்கும் பொறுப்பு கைமாறியபோது என்ன நடந்தது என்பதை அவற்றின் வரலாறு காட்டுகிறது.

பாலங்களும் சிறைகளும்

கவுண்டி என்பது, ஏறத்தாழ மாவட்டத்துக்கு ஒப்பான, இங்கிலாந்தின் மிகப் பழைய நிர்வாகப் பிரிவு. 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் எதுவும் இருக்கவில்லை. ஆண்டுக்கு நான்கு முறை கூடிய நீதவான்களின் அமர்வுகளே நிர்வாகத்தையும் கவனித்தன. பாலங்கள், சிறைகள், நீதிமன்றக் கட்டிடங்கள் ஆகியவற்றைப் பழுதுபார்ப்பது அவர்களுடைய கடமை. வேறு எவரும் பொறுப்பாளி என்று நிறுவ முடியாத பாலங்களைக் கவுண்டியே செப்பனிட வேண்டும் என்பது எட்டாம் ஹென்றி மன்னர் காலத்திலேயே சட்டமாகிவிட்டது.

பணிகள் பெருகியபோது, கட்டிடங்களையும் பாலங்களையும் மேற்பார்வையிடத் தனி அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். பின்னாளில் பெரும் பொறியாளராகப் புகழ்பெற்ற தாமஸ் டெல்ஃபோர்டு, 1787ஆம் ஆண்டு ஷ்ராப்ஷயர் கவுண்டியில் அத்தகைய பதவியை ஏற்றார். மறு ஆண்டு, ஷ்ரூஸ்பரி நகரின் புனித சாட் தேவாலயத்தில் கூரை ஒழுகுவதாகக் கூறி அவரிடம் ஆலோசனை கேட்கப்பட்டது. அவர் ஆய்வு செய்தபோது, கூரையைவிடப் பெரிய ஆபத்து சுவர்களிலும் தூண்களிலும் இருப்பதைக் கண்டு, கட்டிடம் விழும் நிலையில் உள்ளது என்று எச்சரித்தார். தேவாலய நிர்வாகிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. சில நாட்களில், 1788 ஜூலையில், தேவாலயத்தின் கோபுரம் சரிந்து கட்டிடத்தின் பெரும் பகுதி இடிந்தது.

அந்தத் தேவாலயம் கவுண்டிக்குச் சொந்தமானதல்ல. ஆயினும், எச்சரிக்கை தருபவர் ஒருவர், அதன்மீது செலவு செய்ய முடிவெடுக்க வேண்டியவர்கள் வேறு சிலர் என்ற சிக்கல் அன்றே இருந்தது. பின்னர் கவுண்டி கட்டிடங்களிலும் அதே சிக்கல் மீண்டும் தலைதூக்கியது.

பள்ளிகளின் காலம்

1888ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுண்டி மன்றங்களை உருவாக்கியது. 1902ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பள்ளிகளின் பொறுப்பை அவற்றிடம் ஒப்படைத்தது. அதன் பின்னர், பாலங்களையும் சிறைகளையும்விடப் பள்ளிக்கூடங்களே கவுண்டியின் முக்கியக் கட்டிடங்களாயின.

1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அனைவருக்கும் இலவச இடைநிலைக் கல்வியை உறுதி செய்தது. கட்டாயக் கல்விக்கான வயது 1947இல் 15 ஆக உயர்த்தப்பட்டது. போருக்குப் பின் பிறப்பு விகிதமும் கூடியது. ஆனால் செங்கல், மரம், எஃகு, கொத்தனார்கள் என அனைத்துக்கும் தட்டுப்பாடு நிலவியது.

இதற்கு ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் கவுண்டி ஒரு வழி கண்டது. பள்ளியின் பாகங்களை ஆலைகளில் முன்கூட்டியே தயாரித்து, தளத்தில் கொண்டுவந்து பொருத்தும் முறையை அதன் கட்டிடக்கலைஞர்கள் வளர்த்தெடுத்தனர். பத்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ நூறு புதிய பள்ளிகள் எழுந்தன. குழந்தைகளின் உயரத்துக்கேற்ற ஜன்னல்கள், நல்ல வெளிச்சம், பளிச்சென்ற வண்ணங்கள் என்று வடிவமைக்கப்பட்ட அவற்றுள் சில, இன்று பாதுகாக்கப்பட்ட பாரம்பரியக் கட்டிடங்களாக உள்ளன.

நாட்டிங்ஹாம்ஷயர் கவுண்டிக்கு வேறு ஒரு சிக்கல் இருந்தது. அங்கு நிலக்கரிச் சுரங்கங்களுக்கு மேலுள்ள நிலம் அடிக்கடி தாழ்ந்து, கட்டிடங்களில் விரிசல் ஏற்பட்டது. டொனால்ட் கிப்சன் தலைமையிலான கவுண்டியின் கட்டிடக்கலைஞர்கள், நிலத்தோடு சேர்ந்து அசைந்து கொடுக்கக்கூடிய இலகுவான எஃகுச் சட்டத்தை வடிவமைத்தனர். 1957இல் பல உள்ளாட்சி அமைப்புகள் ஒன்றுசேர்ந்து, 'கிளாஸ்ப்' என்ற பெயரில் இம்முறையைப் பொதுவாக்கின. 1960இல் மிலான் நகர சர்வதேசக் கண்காட்சியில் கிளாஸ்ப் பள்ளி உயரிய பரிசு பெற்றது.

கூரைக்குள் மறைந்த ஆபத்து

இந்தக் கட்டிடங்கள் வேகமாகவும் மலிவாகவும் கட்டப்பட்டவை. அவற்றின் பலவீனங்கள் சுவர்களுக்குள்ளும் கூரைகளுக்கு மேலும் மறைந்திருந்தன. தீயைத் தடுப்பதற்காக ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் பரவலாகப் பயன்படுத்தப்பட்டது. அதன் நுண்ணிய இழைகளைச் சுவாசிப்பது புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியான பின்னர், 1999இல் பிரிட்டன் அதன் பயன்பாட்டை முற்றாகத் தடை செய்தது. எனினும் ஏற்கனவே சுவர்களில் இருந்தவை அங்கேயே இருந்தன. அவற்றைக் கலைக்காமல் கண்காணிப்பதே அன்றாடப் பராமரிப்பின் பெரும் பகுதியாகிவிட்டது. ஆணி அடிப்பதற்கு முன்னால்கூடப் பதிவேட்டைப் பார்க்க வேண்டிய நிலை.

1974 டிசம்பரில், நாட்டிங்ஹாம்ஷயரின் எட்வால்டனில் கிளாஸ்ப் முறையில் கட்டப்பட்ட முதியோர் இல்லம் ஒன்றில் தீப்பிடித்து 18 பேர் உயிரிழந்தனர். உட்கூரைக்கு மேலே இருந்த இடைவெளி வழியாகத் தீ பரவியது. எளிதில் பொருத்துவதற்காக விடப்பட்ட அந்த இடைவெளிகளைத் தடுப்புகள் கொண்டு அடைப்பது அதன் பின்னர் அவசரப் பணியானது.

2023இல் பேசப்பட்ட கான்கிரீட்டுக்கு ஆங்கிலத்தில் சுருக்கமாக 'ராக்' என்று பெயர். 1930களில் சுவீடனில் உருவான இது, பிரிட்டனில் 1950கள் முதல் 1990கள் வரை பயன்படுத்தப்பட்டது. இதில் ஜல்லி கிடையாது. கலவைக்குள் வாயுக் குமிழிகள் உருவாக்கப்பட்டு, உயர் அழுத்த நீராவியில் பதப்படுத்தப்படுகிறது. வழக்கமான கான்கிரீட்டின் எடையில் ஏறத்தாழ கால் முதல் மூன்றில் ஒரு பங்கே இருப்பதால், தட்டையான கூரைகளுக்கு ஏற்றதெனக் கருதப்பட்டது.

ஆனால் அதன் நுண்துளைகள் வழியாக ஈரம் உட்புகுந்தால், உள்ளிருக்கும் கம்பிகள் துருப்பிடிக்கும். வெளித்தோற்றத்தில் மாற்றம் தெரியாமலே பலகை பலமிழக்கக்கூடும். சுவரின்மீது பலகையின் முனை போதிய அளவு பதியாமல் இருந்தால் ஆபத்து மேலும் கூடும். ஒழுகும் கூரையை உடனே அடைப்பதும், மழைநீர் தேங்காமல் வடிகால்களைச் சுத்தம் செய்வதும் மிக எளிய வேலைகள். இந்தக் கூரைகளின் ஆயுளை அந்த எளிய வேலைகள் பெருமளவில் தீர்மானித்தன. நிதி குறையும்போது முதலில் தள்ளிப்போடப்படுவதும் அத்தகைய வேலைகளே.

எச்சரிக்கைகள் இல்லாமல் இல்லை. 1990களிலேயே கட்டிட ஆய்வு நிறுவனம் இந்தக் கூரைகளில் வளைவும் விரிசலும் காணப்படுவதை வெளியிட்டிருந்தது. 2018 ஜூலையில் கென்ட் கவுண்டியில் ஓர் ஆரம்பப் பள்ளியின் கூரைப் பகுதி இடிந்து விழுந்தது. பலவீனத்தின் அறிகுறி தெரியவந்தது அதற்கு 24 மணி நேரத்துக்கு முன்புதான். வார இறுதி என்பதால் எவருக்கும் காயமில்லை. அதன் பின்னர் நாடளாவிய எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டன. ஆனாலும், எந்தப் பள்ளியில் இந்தக் கான்கிரீட் உள்ளது என்று கேட்டுக் கல்வி அமைச்சகம் வினாப்பட்டியல் அனுப்பியது 2022இல்தான்.

கைமாறிய பொறுப்பு

இவ்வளவு அடிப்படையான தகவல் ஏன் ஒரே இடத்தில் இருக்கவில்லை என்ற கேள்விக்கான விடையின் ஒரு பகுதி நிர்வாக வரலாற்றில் இருக்கிறது.

1970கள் வரை கவுண்டியின் கட்டிடக்கலைஞர் அலுவலகமே பள்ளியை வடிவமைத்தது. வரைபடங்களும் கவுண்டியிடமே இருந்தன. பழுதுபார்ப்பதும் அதே நிர்வாகம்தான். 1974ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சீரமைப்பில் கவுண்டிகளின் எல்லைகள் மாறின. 1988ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பள்ளிகளின் அன்றாட வரவு செலவுத் திட்டத்தைத் தலைமையாசிரியர்களிடமும் நிர்வாகக் குழுக்களிடமும் ஒப்படைத்தது. ஆசிரியர் சம்பளமா, கூரைப் பழுதா என்ற தேர்வு பள்ளிக்குள்ளேயே நடக்கத் தொடங்கியது. பல கவுண்டிகள் தமது கட்டிடக்கலைஞர் அலுவலகங்களைச் சுருக்கின, அல்லது மூடின.

2010க்குப் பின்னர், உள்ளாட்சிக் கட்டுப்பாட்டுக்கு வெளியே அறக்கட்டளைகளால் நடத்தப்படும் 'அகாடமி' பள்ளிகள் வேகமாகப் பெருகின. 2023 வாக்கில் இங்கிலாந்தின் இடைநிலைப் பள்ளிகளில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டவை அகாடமிகள். அவற்றின் கட்டிடப் பொறுப்பும் அந்த அறக்கட்டளைகளுடையதே. கட்டியது கவுண்டி, நிதி வழங்குவது மத்திய அரசு, பொறுப்பு அறக்கட்டளை என்று மூன்றாகப் பிரிந்தது.

நிதி விடயத்திலும் ஏற்ற இறக்கங்கள் இருந்தன. இடைநிலைப் பள்ளிகளைப் புதுப்பிக்கும் பெரும் திட்டம் ஒன்று முந்தைய தொழிற்கட்சி அரசால் தொடங்கப்பட்டது. 2010 ஜூலையில் கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் அதனை ரத்து செய்தார். அது செலவு மிகுந்தது, வீண் நடைமுறைகள் நிறைந்தது என்பது அரசின் வாதம். 2020இல் அறிவிக்கப்பட்ட அடுத்த மறுகட்டுமானத் திட்டம் பத்து ஆண்டுகளில் 500 பள்ளிகளை உள்ளடக்கியது.

தேசிய தணிக்கை அலுவலகம் 2023 ஜூனில் வெளியிட்ட அறிக்கையின்படி, பெரிய அளவில் மறுகட்டுமானமோ புதுப்பித்தலோ தேவைப்படும் பள்ளிகளில் சுமார் 7 லட்சம் மாணவர்கள் படித்து வந்தனர். ஏறத்தாழ 24,000 பள்ளிக் கட்டிடங்கள் தமது ஆரம்ப வடிவமைப்பு ஆயுளைத் தாண்டியிருந்தன. இது மொத்தத்தில் 38 சதவீதம். ஆண்டுக்கு 530 கோடி பவுண்டுகள் தேவை என்று கல்வி அமைச்சகம் கணக்கிட்டிருந்தது. கிடைத்தது சராசரியாக 310 கோடி பவுண்டுகள். அந்த அறிக்கை வெளியாகி இரண்டு மாதங்களில், பாதுகாப்பானவை என்று கருதப்பட்ட சில பலகைகள் கோடை விடுமுறையில் செயலிழந்தன. அதன் விளைவே ஆகஸ்ட் இறுதி உத்தரவு. இறுதியில் 234 கல்வி நிலையங்களில் இந்தக் கான்கிரீட் இருப்பது உறுதியானது.

தலைமையகங்களும் தப்பவில்லை

பள்ளிகள் மட்டுமல்ல, கவுண்டிகளின் தலைமையகங்களும் கைமாறின. நார்தாம்ப்டன்ஷயர் கவுண்டி மன்றம் 5 கோடியே 30 லட்சம் பவுண்டுகள் செலவில் கட்டிய புதிய தலைமையகத்தை 2017 அக்டோபரில் திறந்தது. சில மாதங்களில், 2018 பிப்ரவரியில், புதிய செலவுகளை நிறுத்தும் நிதி நெருக்கடி அறிவிப்பை வெளியிட்டது. அதே ஆண்டில் அக்கட்டிடத்தை விற்று, அதிலேயே வாடகைக்கு இருந்தது. 2021இல் அந்த மன்றமே கலைக்கப்பட்டது.

சரே கவுண்டியின் தலைமையகம் 1893 முதல் கிங்ஸ்டன் நகரில் இயங்கியது. தமிழர்கள் கணிசமாக வாழும் கிங்ஸ்டனும் நியூ மால்டனும் 1965இல் பெருநகர லண்டனுடன் இணைக்கப்பட்டன. அதன் பின்னர் 55 ஆண்டுகள் தனது எல்லைக்கு வெளியே இருந்த அந்தப் பழைய கட்டிடத்திலிருந்தே சரே மன்றம் ஆட்சி நடத்தியது. 2020 இறுதியில்தான் ரைகேட்டுக்கு இடம்பெயர்ந்தது.

மாற்று உதாரணமும் உண்டு. ஹாம்ப்ஷயர் கவுண்டி தனது கட்டிடக்கலைஞர் பிரிவைக் கைவிடவில்லை. அதற்கு நீண்ட காலம் தலைமை தாங்கிய காலின் ஸ்டான்ஸ்ஃபீல்ட் ஸ்மித்துக்கு 1991இல் பிரிட்டிஷ் கட்டிடக்கலைக் கழகத்தின் அரச தங்கப் பதக்கம் கிடைத்தது. 1960களில் முன்தயாரிப்பு முறையில் எழுந்த பள்ளிகளை இடிக்காமல், எஃகுச் சட்டத்தை வைத்துக்கொண்டு வெளிச்சுவர்களையும் ஜன்னல்களையும் மாற்றும் பணியை அது படிப்படியாகச் செய்து வருகிறது. கட்டிடத்தை அறிந்தவர்கள் அதே நிர்வாகத்தில் தொடர்ந்து இருப்பது இதற்கு உதவியது.

அடுத்த சீரமைப்பு

2024 டிசம்பரில் வெளியான அரசின் வெள்ளை அறிக்கை, கவுண்டி மன்றம், அதன் கீழ் மாவட்ட மன்றம் என்ற இரண்டு அடுக்கு முறையை முடிவுக்குக் கொண்டுவந்து, ஒருங்கிணைந்த மன்றங்களை அமைக்க முன்மொழிந்தது. சரே கவுண்டியை இரண்டு மன்றங்களாகப் பிரிக்க 2025இல் முடிவெடுக்கப்பட்டது.

இத்தகைய ஒவ்வொரு பிரிவினையின்போதும் சொத்துக்களும் கடன்களும் கணக்கிட்டுப் பங்கிடப்படுகின்றன. வரைபடங்கள், ஆஸ்பெஸ்டாஸ் பதிவேடுகள், எந்தக் கூரை எந்த மழையில் ஒழுகியது என்ற அனுபவ அறிவு ஆகியவற்றுக்கு அத்தகைய கணக்கு கிடையாது. கான்கிரீட் நெருக்கடியில் பணப் பற்றாக்குறை பாதிக் காரணம் என்றால், கூரைக்குள் என்ன இருக்கிறது என்பதே தெரியாமல் போனது மறுபாதி. புதிய மன்றங்கள் கட்டிடங்களோடு அந்தத் தகவல்களையும் முறையாகக் கேட்டுப் பெறுமா என்பதைப் பொறுத்தே, அடுத்த தலைமுறை மாணவர்களின் வகுப்பறைப் பாதுகாப்பு அமையும்.