வற்கடமும் திருக்கோயிற் பண்டாரமும்

நன்னிலத்துப் பெருங்கோயில் மாடக்கோயில் வகையைச் சார்ந்தது. இதனை எடுப்பித்தவர் கோச்செங்கட் சோழ நாயனார் என்பதைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் இத்தலத்துத் திருப்பதிகத்திலேயே அருளிச் செய்துள்ளார். இம்மன்னர் சிவபெருமானுக்குச் செய்த கோயில்கள் எழுபது என்பது திருமங்கையாழ்வார் வாக்கு. ஆழ்வார் ஒருவர் சிவாலயங்களை எண்ணிச் சொல்லி வைத்திருப்பது இந்நாட்டின் பெருமைகளுள் ஒன்று.

கோயில் எடுத்தவர் பெயரை நாடு மறப்பதில்லை. விளக்குக்கு ஆடு விட்டவர் பெயரும், திருவமுதுக்கு நிலம் விட்டவர் பெயரும் கல்லில் நிற்கின்றன. ஆயினும், அக்கோயிலைச் சூழ்ந்த ஊருக்கு இடர் வந்த நாளில் கோயில் என் செய்தது என்னும் வினா அருகியே எழுப்பப்படுகின்றது. அவ்வினாவுக்கு விடை தேடிச் சேய்மைக்குச் செல்ல வேண்டுவதில்லை. நன்னிலத்தைச் சூழ்ந்த காவிரி நாட்டிலேயே புராணமாகவும் கல்வெட்டாகவும் அவ்விடை கிடக்கின்றது. அதில் போற்றத்தக்கதும் உண்டு, நாணத்தக்கதும் உண்டு.

சோற்றுக்குப் பெயர் பெற்றது சோழவளநாடு. அரசலாறும் முடிகொண்டானாறும் திருமலைராயனாறும் காவிரி நீரைக் கொணர்ந்து இப்பக்கத்து வயல்களை நிரப்புவன. அந்நீரும் தவறிய காலங்கள் உண்டு. ஆற்றுநீரையே நம்பிய நாட்டில் ஆறு வற்றினால் ஏரியும் துணைவாராது. வானமும் பொய்த்தால் வேறு போக்கில்லை. அங்ஙனம் வந்த பஞ்சத்தையே முன்னோர் வற்கடம் என்றனர்.

திருவீழிமிழலையில் நிகழ்ந்ததைச் சைவர் யாவரும் அறிவர். திருஞானசம்பந்தப் பெருமானும் அப்பர் சுவாமிகளும் அத்தலத்தில் எழுந்தருளியிருந்தபோது மழை பொய்த்தது, காவிரி சுருங்கிற்று, உயிர்கள் வருந்தின. இறைவன் இருவர் கனவிலும் தோன்றி, நாள்தோறும் ஒவ்வொரு காசு வைப்போம் என்று அருளினான். கிழக்குப் பீடத்தில் பிள்ளையாருக்கும் மேற்குப் பீடத்தில் அரசுக்குமாகக் காசு கிடைத்தது. இருவரும் பறையறைவித்து அடியாரை அழைத்து அமுதூட்டினர் என்று சேக்கிழார் பெருமான் விரித்துரைக்கின்றார்.

இவ்வரலாற்றில் பலரும் விரைந்து கடந்து செல்லும் பகுதி ஒன்றுண்டு. அப்பர் திருமடத்தில் அடியார் உரிய வேளையில் உண்டனர். பிள்ளையார் திருமடத்தில் காலந்தாழ்ந்தது. ஏன் என்று வினவியபோது, பிள்ளையாருக்குக் கிடைத்த காசுக்கு வணிகர் வட்டம் கேட்கின்றனர் என்றும், அதனால் பண்டம் கொள்வது தாழ்கின்றது என்றும் சமையற்கட்டில் உள்ளோர் கூறினர். அப்பர் பெற்ற காசோ வாசியில்லாதது. அவர் கையால் உழவாரத் தொண்டு செய்பவராதலின் அவர்க்கு அத்தகைய காசு. பிள்ளையார் பதிகம் பாடி வாசி நீங்கப் பெற்றார். பஞ்ச காலத்து உதவி எத்துணைப் பெரிது என்பதோடு எத்துணை விரைவில் இலையை எட்டுகின்றது என்பதையும் சேக்கிழார் பார்த்தார். முதலமைச்சராக இருந்து அரசியல் கண்டவர் கண்ணுக்கு அது தப்பவில்லை.

இதற்கு நேர்மாறாகத் தோன்றுவது நாட்டியத்தான்குடிக் கோட்புலி நாயனார் வரலாறு. அவர் சோழர் படைத்தலைவர். தாம் பெற்ற பொருளெல்லாம் இறைவன் திருவமுதுக்கான நெல்லாகச் சேர்த்துக் கூடுகளில் வைத்தார். போர்மேற் செல்லும் முன், அந்நெல்லைத் தொடலாகாது என்று சுற்றத்தார் ஒவ்வொருவருக்கும் ஆணை வைத்துச் சென்றார். வற்கடம் வந்தது. இறப்பதினும் இந்நெல்லை உண்டு பிழைத்துப் பின்னர்க் கொடுத்துவிடுவோம் என்று சுற்றத்தார் எண்ணி உண்டனர். மீண்டு வந்த நாயனார் அனைவரையும் வாளுக்கு இரையாக்கினார். பால் குடிக்கும் குழவியையும் விட்டிலர். பின்னர் இறைவன் எதிர்தோன்றி, மாண்டார் யாவரும் மேலுலகம் புகுவர் என அருளித் தொண்டரைத் தன்பால் அழைத்துக்கொண்டான்.

படிப்பார் உள்ளம் நடுங்கும். அன்பின் வன்மையைக் காட்டவே அவ்வரலாறு கூறப்பட்டது என்பது உரையாளர் மரபு. அதனை மறுப்பார் இலர். எனினும் சுற்றத்தார் சொல்லிய சொல்லை மீண்டும் நோக்குதல் வேண்டும். உண்போம், பின்னர்க் கொடுப்போம் என்றனர். எண்ணம் தீயதன்று. ஆனால் யாரைக் கேட்டனர்? எவ்வளவு எடுத்தனர் என்று எங்கே எழுதினர்? திருப்பிக் கொடுப்பதற்கு எதனை ஈடு வைத்தனர்? மூன்றுக்கும் விடையில்லை. கோயிற்பொருளைத் தொட்டவர்க்குச் சாபமும், தொடாதவர்க்குச் சாவும் என்னும் இருதலைக் கொள்ளியிடை எறும்பு ஆயினர் அவர்.

அந்த இருதலைக் கொள்ளியிலிருந்து விலகும் வழியைப் பின்வந்த ஓர் ஊர் கண்டது. அவ்வூர் தஞ்சைத் தரணியைச் சார்ந்த ஆலங்குடி. அங்குள்ள கல்வெட்டின் காலம் கி.பி. 1054. முதலாம் இராசேந்திரன் மக்கள் ஆட்சி செய்த காலம் அது. அவ்வாண்டை ஒட்டியே கொப்பத்துப் போரில் இராசாதிராசன் யானைமேலிருந்து பட்டான். தம்பி இராசேந்திரன் களத்திலேயே முடிசூடினான். வரலாறு எழுதுவோர் கொப்பத்துக்குப் பல பக்கம் ஒதுக்குவர்; ஆலங்குடிக்கு ஓர் அடிக்குறிப்பு ஒதுக்கினாலே பெரிது.

ஆலங்குடியில் காலம் பொல்லாததாயிற்று. உணவுக்கும் விதைக்கும் நெல் கொள்ள ஊரிடம் பொருளில்லை. ஊர்ச்சபை கூடிற்று. கோயிற் பண்டாரத்திலிருந்து பொன்னும் வெள்ளியுமாக இருந்த அணிகலன்களையும் கலங்களையும் கடனாகப் பெறுவதென்று முடிவு செய்தது. பெற்றது பொன் 1011 கழஞ்சு. வெள்ளி 464 பலம். அதற்கீடாக 8¾ வேலி நிலத்தைக் கோயிலுக்கு விட்டு, அதன் வருவாயினின்று கடனுக்குரிய வட்டி செல்லுமாறு வகுத்தது. வேலி ஒன்றுக்கு 6⅔ ஏக்கர் என இற்றைக் கணக்கில் கொண்டால் இந்நிலம் ஏறக்குறைய 58 ஏக்கர் ஆகும்.

விதைக்கும் என்ற சொல்லே இங்கு உயிரானது. பசித்தவன் விதைநெல்லையும் குற்றி உண்பான். உண்டால் அடுத்த ஆண்டும் பஞ்சம். ஆலங்குடிச் சபையார் இவ்வாண்டுப் பசியை மட்டும் கண்டிலர், அடுத்த பருவத்து நாற்றங்காலையும் கண்டனர். கோயிலும் இழந்ததில்லை. கருவூலத்தில் ஒளிமங்கிக் கிடந்த பொன் சென்றது. ஆண்டுதோறும் விளையும் நிலம் வந்தது. ஒருவேளை அப்பொற்கலங்களுள் ஒன்றை அளித்த அன்பர் அன்று உயிரோடிருந்திருப்பின், தம் கொடை பண்டாரத்தை விட்டுப் போவது கண்டு வருந்தியிருப்பாரா, தம் கொடையால் உலை ஏறியது கண்டு மகிழ்ந்திருப்பாரா? கொடையளிப்போர் தத்தம் நெஞ்சைக் கேட்டறிய வேண்டிய வினா இது.

இனி நாணத்தக்கதைக் கூற வேண்டும். கூறாது விடின் வரலாறு புகழ்மாலை ஆகிவிடும்.

ஆலங்குடி நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பின், கி.பி. 1201-இல், மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சியில், திருப்பாம்புரத்தில் ஒரு கல்வெட்டு எழுந்தது. திருப்பாம்புரம் பழைய நன்னிலம் வட்டத்து ஊர். அந்நாளில் காசுக்கு மூன்று நாழி நெல் விற்றது. பசி பொறாத வெள்ளாளர் ஒருவர், தம் மகளிர் இருவரோடும் தம்மைக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார். விலை 110 காசு.

கணக்கிட்டுப் பார்த்தால் கை நடுங்கும். காசுக்கு மூன்று நாழியெனின் 110 காசுக்கு 330 நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரு குறுணி ஒரு கலம் என்னும் பழைய அளவையால் அது மூன்று கலம், ஐந்து குறுணி, இரு நாழி. மூன்று உயிர்களின் விலை மூன்றரைக் கலத்துக்கும் குறைந்த நெல். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி நெல் என்றால் மூவர்க்கும் நாளுக்கு ஒரு காசு செல்லும். 110 நாளில் தீர்ந்துபோம். வீழிமிழலைப் பீடத்தில் இறைவன் நாள்தோறும் வைத்ததும் ஒவ்வொரு காசே.

கோயிலார் கொடியர் என்று ஒரு சொல்லில் முடித்துவிடல் எளிது. அது முழு நேர்மையன்று. விற்றுக்கொண்டவர் பிழைத்தார். கோயிலுக்கு ஆட்பட்டார்க்குச் சோறு உறுதி என்ற நம்பிக்கையாலேயே அவர் அவ்வாயிலை நாடினார். ஆளாதல் என்பதும் சைவர்க்கு இழிசொல் அன்று. திருவெண்ணெய்நல்லூரில் ஆளோலை காட்டி இறைவன் நம்பியாரூரரைத் தடுத்தாட்கொண்டான். ஆனால் அவ்வோலை அன்பின் வழக்கு. பாம்புரத்து ஓலை பசியின் வழக்கு. இரண்டிலும் அடிமை என்ற சொல் இருப்பதால் இரண்டும் ஒன்றாகா. பண்டாரத்தில் 110 காசு இருந்தது. அதனைக் கடனாகக் கொடுக்கவும் இயன்றிருக்கும். கொடுக்க வேண்டும் என்று எடுத்துரைப்பார் இல்லை.

ஏன் இல்லை? ஆலங்குடியில் கடன்பட்டது ஊர். பாம்புரத்தில் விலைப்பட்டது ஒரு குடும்பம். இடைப்பட்ட காலத்தில் காவிரி நாட்டில் நிலம் ஊர்ப்பொதுவிலிருந்து நீங்கித் தனியார் கையில் பெருகியதைக் கல்வெட்டுகளை ஊன்றி ஆராய்ந்த சப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா எடுத்துக்காட்டியுள்ளார். நிலம் சிலர்பால் சேர்ந்தபோது, எல்லார்க்குமாக ஈடு வைக்கும் வலிமை சபைக்குக் குன்றுதல் இயற்கை. கோயில் வழிபாடு குன்றியதென்றோ கொடை குன்றியதென்றோ சொல்லவும் இடமில்லை. அதே குலோத்துங்கனே திருபுவனத்துக் கம்பகரேசுவரர் கோயிலை எடுப்பித்தவன். கண்டோர் வியக்கும் அவ்விமானமும் பாம்புரத்துக் கல்லும் ஒரே ஆட்சியின் இரு முகங்கள்.

அடுத்த நூற்றாண்டு முடிவதற்குள் சோழ அரசு மறைந்தது. 1311-இல் மாலிக்காபூர் படையோடு தமிழகம் புகுந்தபோது கோயிற் கருவூலங்கள் சூறையாடப்பட்டன. பொன் யானைகள்மேல் ஏறி வடக்கே சென்றது. ஆலங்குடியார் விட்ட நிலம் போன்றதை எந்த யானைமேலும் ஏற்றிச் செல்லல் ஆகாது.

பிற்கால வரலாறும் இப்பாடத்தைக் கற்றும் மறந்தும் வந்துள்ளது. 1867-இல் வடலூரில் இராமலிங்க சுவாமிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாது காக்கப்பட்டு வருகின்றது. அதன்பின் பத்தாண்டு செல்லாமுன் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. பன்னூறாயிரவர் மாண்டனர். அரசோ தானிய வாணிகத்தில் தலையிடுதல் தகாது என்றது. நிவாரண வேலை செய்தார்க்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று அளந்தது. அத்தோல்வியின் பயனாக 1880-இல் பஞ்ச ஆணையத்தின் அறிக்கையும், அதன் வழியே பஞ்சக் காப்பு விதிகளும் வந்தன. அவ்விதிகள் ஏட்டில் இருந்தபோதே 1943-இல் வங்கத்தில் பெரும்பஞ்சம் நிகழ்ந்தது. விதிப்படி பஞ்சம் என்று அறிவிக்கவும் அன்றைய அரசு முன்வரவில்லை. கல்லில் எழுதினாலும் ஏட்டில் எழுதினாலும் எடுத்துப் படிப்பார் வேண்டுமே.

தமிழகத்தில் 2002 முதல் அறநிலையத் துறைக் கோயில்கள் பலவற்றில் நண்பகல் அன்னதானம் நடைபெறுகின்றது. 2021-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் கோயில்களில் சமைத்த உணவு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு மருத்துவமனைகளுக்கும் அங்குக் காத்துக்கிடந்தார்க்கும் சென்றது. பூசைக்கு மக்கள் வர இயலாத நாள்களில் மடைப்பள்ளி மக்களைத் தேடிச் சென்றது எனலாம்.

குடமுழுக்குக் காலத்தில் விமானத்துக்குப் பொன் வேய்வாரும், திருவாபரணம் அளிப்பாரும், யாகசாலைக்கு நெய் அளிப்பாரும் பலர். அன்னத்துக்கென நிலம் விடுவார் முன்பு மிகுதி. இன்று அதற்கு வைப்புநிதி வைப்பாரும் உளர். திருவீழிமிழலை செல்லும் அன்பர்கள் படிக்காசு வைத்த பீடங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கின்றனர். திருப்பாம்புரத்துக்கும் இராகு கேது வழிபாட்டுக்காக நாள்தோறும் மக்கள் செல்கின்றனர். தந்தை ஒருவர் இரு மகளிரோடு அவ்வாயிலில் வந்து நின்ற செய்தியைச் சொல்லும் எழுத்துகளை அங்கு நின்று படிப்பார் அரியர்.