கண்டிச்சீமையிலிருந்து ஊர் திரும்பியவர்கள்

கண்டிச்சீமைன்னு சொன்னாலே நமக்குத் தேயிலைக் கூடைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனா ராமநாதபுரம், புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்து ஜனங்க முதல்முதலா இலங்கை மலைக்குப் போனது தேயிலைக்காக இல்லை, காபிக்காக. அதைவிட முக்கியமான விஷயம், அவங்க போனதே திரும்பி வரத்தான். இந்தத் திரும்பி வர்ற பாதி பற்றி யாரும் அதிகம் பேசறதில்லை. சொல்லணும்னு ரொம்ப நாளா ஒரு எண்ணம்.

1830கள், 40களில் கண்டி மலைகளில் வெள்ளைக்காரத் துரைமார் காடு அழித்துக் காபி போட்டார்கள். காபிச் செடிக்கு ஒரு குணம் உண்டு. வருஷம் பூரா அதுக்கு நிறைய ஆள் தேவையில்லை. பழம் பறிக்கிற நேரத்தில் மட்டும் கூட்டம் கூட்டமா ஆள் வேணும். அந்தக் காலம் ஆகஸ்ட் வாக்கில் ஆரம்பிச்சு நவம்பர், டிசம்பர் வரை போகும். நம்ம ஊர் நெல் அறுவடை தை மாசம். கணக்கு எவ்வளவு அழகா ஒத்துப்போகுது பாருங்க! வானம் பார்த்த பூமி. விதைச்சுப் போட்டுட்டு மழை எப்ப வரும்னு உட்கார்ந்திருக்கிறதுக்கு, வீட்டுக்கு ஒரு ஆள் கடல் தாண்டிப் போய் நாலு காசு பார்த்துட்டு அறுப்புக்கு வந்துடலாம். பஞ்ச வருஷமா இருந்தா இன்னும் கூட்டம் கூடும். 1876-78ல் வந்த தாது வருஷப் பஞ்சத்தில் அப்படிப் போனவங்க ஏராளம்.

கூட்டிப் போறவர் கங்காணி. முக்கால்வாசி அதே ஊர்க்காரர், சொந்தக்காரர் கூட. முன்பணம் கொடுப்பார், ஒரு கூட்டத்தைச் சேர்ப்பார், பாம்பனுக்கோ தேவிபட்டினத்துக்கோ தொண்டிக்கோ நடத்திக் கூட்டிப் போவார். அங்கிருந்து தோணியில் மன்னார்க் கரை. கடல் கொஞ்சம்தான். கஷ்டம் அதுக்கப்புறம்தான். மன்னாரிலிருந்து மாத்தளை வழியா கண்டிக்குச் சுமார் 150 மைல், அதில் பெரும்பகுதி தண்ணியில்லாத காடு. காலரா, அம்மை, காய்ச்சல். நடக்க முடியாம விழுந்தவங்களை வழியிலேயே விட்டுட்டுப் போனதா அந்தக் கால ஆவணங்களே சொல்லுது. எத்தனை பேர் செத்தாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் ஆராய்ச்சியாளர்கள் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க.

வேலை முடிஞ்சதும் அதே காட்டு வழியில்தான் திரும்பணும். இப்ப மடியில் காசும் இருக்கும். அதனால திருட்டுப் பயமும் சேர்ந்துக்கும். அப்படியும் வந்தாங்க, வருஷா வருஷம் வந்தாங்க. வந்து கடனை அடைச்சாங்க, அறுப்பு அறுத்தாங்க, கல்யாணம் பண்ணினாங்க, கோயிலுக்குப் பொங்கல் வெச்சாங்க, அடுத்த ஆடி ஆவணியில் மறுபடி கிளம்பினாங்க. (ஆறு மாசம் ஆன்சைட் போயிட்டு வர்ற நம்ம கூட்டம் இதை எதுவும் புதுசா கண்டுபிடிச்சிடலை!) ஊர், நிலம், குடும்பம் எல்லாம் இந்தக் கரையில். அந்தக் கரை வெறும் வேலை.

இதைக் கெடுத்தது எந்தச் சட்டமும் இல்லை, ஒரு பூஞ்சை. 1869ல் காபி இலையில் ஆரஞ்சுப் பொடி மாதிரி ஒரு நோய் தெரிஞ்சுது. இலைத்துரு நோய். இருபது வருஷத்துக்குள்ள இலங்கைக் காபி கிட்டத்தட்ட ஒழிஞ்சே போச்சு. 1867லேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்டிருந்தார். எல்லா துரைகளும் அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க.

தேயிலையோட குணம் வேற. ஒரு செடியில் கொழுந்து பறிச்சா ஏழு பத்து நாளில் மறுபடி பறிக்கணும், வருஷம் முழுக்க. அறுப்புக்குப் போயிட்டு வர்றேன்னு சொன்னா கொழுந்து முத்திடும். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேணும், அதனால குடும்பத்தோட வரச் சொன்னாங்க. லயத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி மாதிரி ஒரு அறையில் குடும்பமே குடியேறிச்சு. பிள்ளைங்க அங்கேயே பிறந்து, அங்கேயே பெரட்டுக்கு நின்னுச்சு. போதாததுக்குக் கடன். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொண்ணுக்குப் போகணும்னா 'துண்டு' வேணும். இவ்வளவு கடனைக் கட்டினா ஆளை விட்டுடறோம்னு எழுதின சீட்டு அது. ரிலீவிங் லெட்டரும் அதுவே, கடன் பத்திரமும் அதுவே. 1921ல்தான் அதை ஒழிச்சாங்க.

வேடிக்கை என்னன்னா, போய் வர்றது சுலபமானது இதுக்கப்புறம்தான். 1914ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ஸ்டீமர் விட்டாங்க. காட்டு நடை போச்சு. போறவங்களை மண்டபம் முகாமில் சில நாள் நிறுத்தி, நோய் நொடி இல்லைன்னு பார்த்து அனுப்பினாங்க. விசேஷத்துக்கு, சாமி கும்பிட ஊருக்கு வர்றவங்க அப்பவும் இருந்தாங்க. ஆனா அது விருந்தாளியா வர்றது. விதைப்புக்கும் அறுப்புக்கும் வர்றது இல்லை. 1939ல் இந்திய அரசாங்கம் கூலியாட்கள் புதுசா போறதுக்குத் தடை போட்டுச்சு. 1948ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இவங்கள்ல பெரும்பாலானவங்களை எந்த நாட்டுக்காரங்களும் இல்லாம ஆக்கிடுச்சு.

1964 அக்டோபர் 30. சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டாங்க. மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் அப்புறம் பார்த்துக்கலாம் (1974ல் ஆளுக்குப் பாதின்னு பிரிச்சாங்க). கணக்கு டேலி ஆயிடுச்சு. எந்தப் பக்கம் போகணும்னு அந்தப் பத்து லட்சம் பேரை யாரும் கேட்கலை. ஒப்பந்தம் போட்டு ரெண்டு மாசம் கூட ஆகலை, டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் தனுஷ்கோடியே போச்சு, ஸ்டேஷனுக்கு வந்துக்கிட்டிருந்த ரயிலோட. அப்புறம் கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்துச்சு.

அறுபதுகளின் கடைசியிலிருந்து 1984 வாக்கில் கப்பல் நிற்கிற வரைக்கும் அதில்தான் வந்தாங்க. அரசாங்கக் காகிதத்தில் இவங்க பேரு 'தாயகம் திரும்பியோர்'. யார் திரும்பினது? கொள்ளுத்தாத்தா போனார், பேரனோட பிள்ளை வந்தான். அவன் இந்தக் கரையைப் பார்த்ததே அன்னிக்குத்தான். தாத்தா போனப்போ அடைச்சு வெச்ச அதே மண்டபம் முகாமில்தான் இவனையும் இறக்கினாங்க. ராமநாதபுரத்தில் பூர்வீகக் கிராமத்தோட பேரைச் சொல்லிக்கிட்டு தேடிப் போனவங்களும் உண்டு. மூணு தலைமுறைக்கப்புறம் அங்க நிலத்தில் பங்கு கேட்டா என்ன பதில் கிடைச்சிருக்கும்னு நம்ம ஊர்ப் பங்காளிகளைத் தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

பிள்ளைகளையும் சேர்த்தா அப்படி வந்தவங்க சுமார் நாலரை லட்சம் பேர். அவங்களுக்குக் கடன் கொடுக்கவே 1969ல் ரெப்கோ வங்கி ஆரம்பிச்சாங்க. சிலருக்கு நூற்பாலை வேலை, சிலருக்குக் கன்னியாகுமரியிலும் கர்நாடகத்தில் சுள்ளியா பக்கமும் ரப்பர் தோட்டம். நிறைய பேரை நீலகிரிக்கு அனுப்பினாங்க, கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம். அவங்களுக்காகவே 1968ல் அரசாங்கம் தேயிலை போட்டுச்சு. அதுதான் இப்ப டான்டீ. மறுபடியும் கொழுந்து, மறுபடியும் லயம். வேலையில் இருக்கிற வரைக்கும்தான் அந்த லயம். ஓய்வு பெற்றா காலி பண்ணணும்.

2022ல் டான்டீ நஷ்டம்னு சொல்லி 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவு பண்ணினப்போ, அந்த லயங்களில் இருந்தவங்க போராட்டத்துக்கு வந்தாங்க. அவங்க கேட்டது சொந்தமா ஒரு வீடு.