பகடையும் படகும்

திருப்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிநேகிதர் ஒருவருடைய பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேன். வாரம் முழுவதும் இரைந்துகொண்டிருக்கும் தையல் இயந்திரங்கள் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தன. ஆனால் கட்டிங் மேஜையைச் சுற்றி மட்டும் ஒரே ஆரவாரம். சிநேகிதருடைய மகனும் அவனுடைய கல்லூரித் தோழர்கள் நால்வரும் நீலப் பனியன் துணியை மேஜைமேல் விரித்து, கட்டிங் மாஸ்டரின் சாக்குக்கட்டியால் கோடு கிழித்து, பொத்தான்களைப் பரப்பி வைத்துப் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏனப்பா, தாயமா?" என்று கேட்டேன்.

"இல்லீங் மாமா, சண்டைங்க" என்றான் பையன். "இது கடலுங்க. இந்தக் கறுப்புப் பொத்தான் எதிரியோட கப்பல். இந்த மூணு வெள்ளைப் பொத்தானும் எங்க டார்பிடோ படகுங்க. நான் படகுத் தலைவன். இவன் எஞ்சின் பாத்துக்கறவன். அவன் டார்பிடோ விடறவன்."

ஒருவன் மட்டும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்தான். அவன் யார் என்று விசாரித்தேன்.

"அவன் செத்துப்போயிட்டானுங்க. பகடை சரியா உழுகலீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். செத்துப்போனவனும் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனாலும் அந்தப் பதில் என்னை விடவில்லை. கடற்போரின் சரித்திரம் எந்த வழியாக இந்தத் துணி மேஜைக்கு வந்து சேர்ந்தது என்று யோசித்துப் பார்க்கத் தோன்றிற்று.

சண்டையை ஆட்டமாக ஆடுவது நமக்கொன்றும் புதிதல்ல. சேனையின் நான்கு அங்கங்களைக் கட்டத்தில் நிறுத்திச் சதுரங்கம் என்று பெயர் வைத்து உலகத்துக்குக் கொடுத்ததே நம் நாடுதான். பழைய கோயில் மண்டபங்களில் தரையைக் கவனித்துப் பார்த்தால், ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகள் கல்லில் பொறித்திருப்பதைக் காணலாம். மூன்று புலி, பதினைந்து ஆடு. தனியே அகப்பட்ட ஆடு புலிக்கு இரை. கூடி நிற்கும் ஆடுகளோ புலியை நகரவிடாமல் அடைத்துவிடும்.

டார்பிடோ படகின் தத்துவமும் இந்த ஆட்டின் தத்துவந்தான். 1866-ம் வருஷத்தில் ராபர்ட் வொய்ட்ஹெட் என்ற ஆங்கிலேய எஞ்சினீயர், தண்ணீருக்குள்ளேயே தானாக ஓடிப் போய் வெடிக்கும் ஆயுதத்தை உருவாக்கினார். கோடி கோடியாகப் பணத்தைக் கொட்டிக் கட்டிய போர்க்கப்பலை ஒரு சின்னப் படகு இருட்டில் நெருங்கி மூழ்கடித்துவிடலாம் என்ற நிலை வந்தது. வல்லரசுகள் எவ்வளவு பயந்தன தெரியுமா? அந்தப் படகுகளை வேட்டையாடுவதற்கென்றே தனியாக ஒரு ஜாதிக் கப்பலைக் கட்டின. 'டெஸ்ட்ராயர்' என்று இன்றைக்கும் வழங்குகிறோமே, அது அப்படி வந்த பெயர்தான்.

டார்பிடோவின் உறவு தமிழுக்கும் உண்டு. 1914-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்று நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசி, துறைமுகத்தை அடுத்திருந்த எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போயிற்று. அடுத்த மாதம் பினாங்கு துறைமுகத்துக்குள் அதே கப்பல் பொய்ப் புகைபோக்கி ஒன்றை மாட்டிக்கொண்டு ஆங்கிலக் கப்பல்போல வேஷம் போட்டு நுழைந்தது. அங்கே நின்றிருந்த ஷெம்சுக் என்ற ருஷ்யக் கப்பலை டார்பிடோ விட்டு மூழ்கடித்தது. அவ்வளவுதான், கெட்டிக்காரப் போக்கிரிக்குத் தமிழில் 'எம்டன்' என்று பெயர் நிலைத்துவிட்டது! நவம்பர் மாதத்தில் எம்டன் அழிந்தது. வார்த்தை மட்டும் அழியவில்லை.

போர் மேஜைக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். 1824-ல் ரெய்ஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய ராணுவ அதிகாரி தேசப்படத்தை விரித்து, பகடையும் நடுவரும் வைத்து ஆடும் போர் ஆட்டம் ஒன்றை வெளியிட்டார். கடற்போருக்கு அதேபோன்ற விதிகளை 1898-ல் பிரெட் ஜேன் என்பவர் வகுத்தார். பொழுதுபோக்காகவும் பயிற்சியாகவும் வளர்ந்த இந்த வித்தை, இரண்டாவது உலக மகாயுத்தத்தில் உயிர் காக்கும் வித்தையாகிவிட்டது.

1942-ம் வருஷம். அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் டார்பிடோ விட்டுச் சரக்குக் கப்பல்களைத் தொலைத்துக்கொண்டிருந்தன. லிவர்பூலில் காப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்பவர், கடற்படை மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம் பெண்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தரையிலே சாக்குக்கட்டியால் கடலை வரைந்தார். காவல் கப்பல் தலைவர்கள் திரைக்குப் பின்னால் நின்று சிறு துவாரத்தின் வழியாகத்தான் பார்க்கலாம். நீர்மூழ்கியின் பாதையைப் பச்சைச் சாக்குக்கட்டியால் போட்டதால் அது அவர்கள் கண்ணுக்குப் படாது. இப்படி ஆடிப் பார்த்ததில்தான், எதிரி இரவில் நீர்மட்டத்துக்கு மேலே வந்து, கப்பல் கூட்டத்துக்குள்ளேயே புகுந்து சுடுகிறான் என்ற ரகசியம் வெளிப்பட்டது. அதற்கேற்ற மாற்றுத் தந்திரத்தையும் அந்தத் தரையிலேயே கண்டுபிடித்தார்கள். நீர்மூழ்கிப் போரில் பழம் தின்று கொட்டை போட்ட அட்மிரல் மாக்ஸ் ஹார்ட்டன் வந்து, நீர்மூழ்கித் தலைவராகத் தாமே ஆடினார். ஜேனட் ஓகெல் என்ற இளம் பெண்ணிடம் திரும்பத் திரும்பத் தோற்றார். தோற்றதும் கோபித்துக்கொண்டு ஆட்டத்தைக் கலைத்துவிடவில்லை. பிற்பாடு அந்தத் தந்திரங்களைத் தம் கப்பல்களுக்கே பயன்படுத்தினார்.

அதே 1942-ல், மே மாதத்தில், ஜப்பானியர்கள் யமாட்டோ என்ற கப்பலில் மிட்வே யுத்தத்தை மேஜைமேல் ஆடிப் பார்த்தார்கள். அதில் பங்குகொண்டவர்கள் பின்னால் எழுதிய செய்தி இது. பகடை உருண்டது. ஜப்பானியக் கப்பல்கள்மேல் ஒன்பது குண்டுகள் விழுந்தன என்றும், அக்காகி, காகா என்னும் இரண்டு விமானந்தாங்கிகள் மூழ்கின என்றும் கணக்காயிற்று. நடுவராக இருந்த அட்மிரல் உகாக்கி குறுக்கிட்டு, "ஒன்பது வேண்டாம், மூன்று போதும்" என்று குறைத்துவிட்டார். ஆட்டத்தில் அக்காகி பிழைத்தது. மூழ்கிய காகாவும் அடுத்த ஆட்டத்துக்கு எழுந்து வந்தது! ஜூன் மாதம் நிஜமான மிட்வே வந்தது. அக்காகி, காகா உள்பட நான்கு விமானந்தாங்கிகள் கடலடிக்குப் போயின. அங்கே குறைத்துச் சொல்ல நடுவர் யாரும் இல்லை.

சகுனி பகடையை ஏமாற்றியது எதிரியை அழிக்க. உகாக்கி பகடையை ஏமாற்றித் தம்முடைய ஆட்களையே ஏமாற்றிவிட்டார். இரண்டாவதுதான் பெரிய ஆபத்து என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, பையன்கள் ஆடிய ஆட்டத்துக்கு வருவோம். பொம்மைச் சேனையை நகர்த்துவதற்குப் பதிலாக, ஆளுக்கொரு வேஷம் ஏற்று, நடுவர் சொல்லும் கதைக்குள் புகுந்து ஆடும் முறை 1974-ல் அமெரிக்காவில் அச்சுக்கு வந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் செய்த வேலை. பூதமும் மந்திரவாதியும் உலாவும் அந்த ஆட்டத்தில், வீரனுடைய கவசத்தின் பலத்துக்கு ஓர் எண் உண்டு. அந்த யோசனையைத் தம்முடைய கப்பற் சண்டை விதிகளிலிருந்தே எடுத்ததாக ஆர்னசன் சொல்லியிருக்கிறார். ஆகவே டார்பிடோ படகு இந்த ஆட்டத்துக்குள் வந்தது, மருமகன் மாமியார் வீட்டுக்கு வந்ததுபோலத்தான். பத்துப் பன்னிரண்டு பேரே போகும் படகு. ஒவ்வொருவனுக்கும் ஒரு தொழில். ஒருவன் தவறினால் எல்லோரும் போச்சு. வேஷம் போட்டு ஆட இதைவிடப் பொருத்தமான கப்பல் ஏது?

இதையெல்லாம் அந்தப் பையன்களிடம் சொன்னேன். ஆவலாகக் கேட்டார்கள். 1971 டிசம்பர் 4-ந் தேதி இரவு நம்முடைய சிறிய ஏவுகணைப் படகுகள் மூன்று கராச்சியை நெருங்கித் தாக்கி, கைபர் என்ற டெஸ்ட்ராயரை மூழ்கடித்த கதையைச் சொன்னபோது கைதட்டினார்கள். ஆடு புலியைக் கொன்ற கதை அல்லவா?

"இன்னும் முடியவில்லை" என்றேன். "ஐந்து நாள் கழித்து, 9-ந் தேதி இரவு, டையூ கடலுக்கப்பால் பாகிஸ்தான் நீர்மூழ்கி ஒன்று டார்பிடோ விட்டது. நம்முடைய குக்ரி கப்பல் சில நிமிஷங்களில் மூழ்கிவிட்டது. அதிகாரிகள் 18 பேர், மாலுமிகள் 176 பேர் இறந்தார்கள். காப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு வரவில்லை."

யாரும் கைதட்டவில்லை. மேஜைமேல் பகடை கிடந்தது. சற்று நேரம் கழித்து, சிநேகிதருடைய மகன் மூலையில் இருந்தவனைப் பார்த்து, "வாடா, வேற பேர்ல வந்து உக்காரு" என்றான்.

அவன் எழுந்து வந்து உட்கார்ந்தான். மேஜையில் அது முடியும். பகடையைக் கையில் எடுத்தவன் உடனே உருட்டவில்லை. "செத்துப்போனவன் பேர் என்னன்னு நோட்டுல எழுதிட்டு உருட்டலாமா?" என்று கேட்டான்.

எழுதினார்கள். பிறகு பகடை உருண்டது.