கல்வத்தும் கலமும்: பருத்தி இழை கூறும் உயிரணு வரலாறு

திருவில்லிபுத்தூர் மடவார் வளாகம் தொடங்கி இராஜபாளையம் வரை பருத்தியை அறியாத குடும்பங்கள் அரிது. திருவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் உண்டு; 'எஸ்.வி.பி.ஆர்.' என்னும் எழுத்துகளைத் தாங்கிய பருத்தி இரகங்கள் அவ்வூரின் பெயரையே சுமந்து நிற்கின்றன. 1936இல் இராஜபாளையம் மில்ஸ் நிறுவப்பெற்றது. ஆயினும், அங்கு நூற்கப்படும் ஒவ்வோர் இழையும் தனித்தனி உயிரணு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

உயிரணுவுக்கு மொழிகள் இட்ட பெயர்களே ஒரு வரலாறு. 1665இல் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேயர் தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்து நோக்கினார். தேனடை போன்ற வெற்று அறைகளைக் கண்டு, அவற்றிற்குச் 'செல்' எனப் பெயரிட்டார். சிற்றறையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது அது. இன்றைய அரபி அறிவியல் 'கலிய்யா' என்கிறது. தேன்கூட்டைக் குறித்த பழஞ்சொல் இது. வெறுமை, தனிமை எனும் பொருள்களைத் தரும் அதன் வேரிலிருந்தே நாம் நன்கறிந்த 'கல்வத்' என்னும் சொல்லும் பிறந்தது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'கலம்' என்கின்றன. மூன்று சொற்களும் உள்ளீடற்ற ஒன்றையோ, ஒன்றைக் கொள்ளும் இடத்தையோதான் சுட்டுகின்றன.

ஹூக் கண்டவை இறந்த உயிரணுக்களின் சுவர்கள். ஆதலின் அவை வெறுமையாயிருந்தன. உயிருள்ள அறை வெறுமையானதன்று. 1831இல் இராபர்ட் பிரவுன் அதனுள் உட்கருவை இனங்கண்டு பெயரிட்டார். 1838இல் ஷ்லைடன் தாவரங்களும், 1839இல் ஷ்வான் விலங்குகளும் உயிரணுக்களால் ஆனவை என்றனர். உயிரணு உயிரணுவிலிருந்தே தோன்றுகிறது என்னும் கருத்தை 1855இல் விர்ச்சோ நிலைநாட்டினார்.

எல்லா உயிரணுக்களுக்கும் சவ்வும், அதனுள் உயிர்ப்பாகும், புரதம் ஆக்கும் ரைபோசோம்களும், மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ.வும் பொது. பாக்டீரியாவில் அந்த டி.என்.ஏ.வைச் சூழ்ந்த உட்கருச் சவ்வு இல்லை. தாவர, விலங்கு உயிரணுக்களில் உண்டு. தாவர உயிரணுவுக்குச் செல்லுலோஸ் சுவரும் பெரிய நுண்குமிழும் உள்ளன. பசும்பகுதிகளில் பசுங்கணிகமும் உண்டு. விலங்கு உயிரணுவுக்கு அச்சுவர் இல்லை. நம் உடலிலேயே, முதிர்ந்த இரத்தச் சிவப்பணு தன் உட்கருவை இழந்துவிடுகிறது. நரம்பணுவின் இழையோ ஒரு மீட்டர் நீளம்வரை செல்கிறது.

பருத்தி இழை இவற்றுள் தனிச் சிறப்புடையது. மலர் விரியும் நாளில், சூலின் புறத்தோல் உயிரணுக்களிற் சில நீளத் தொடங்குகின்றன. உள்ளிருக்கும் நுண்குமிழின் நீரழுத்தமே அவற்றை உந்துகிறது. சுமார் மூன்று வாரங்களில் 25 முதல் 30 மில்லிமீட்டர்வரை வளர்கின்றன. அகலமோ மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்களவே. பின்னர் உட்புறம் செல்லுலோஸ் அடுக்கடுக்காகப் படிகிறது. காய் வெடிக்கையில் உயிரணு இறந்து உலர்ந்து, நாடாபோல் முறுக்கிக்கொள்கிறது. நூலாகத் திரிவதற்கு அம்முறுக்கே துணை. நம் கரிசலின் கருங்கண்ணிப் பருத்தியில் உயிரணுவுக்கு 26 குரோமோசோம்கள். அமெரிக்க வழிவந்த கம்போடியாப் பருத்தியில் 52.

உயிரணுவை முதலிற் கண்டவர்கள் முஸ்லிம் அறிஞர்களே என்று மேடைகளிற் சிலர் முழங்குவதுண்டு. அதற்குச் சான்றில்லை. சான்றுள்ள பெருமை வேறு. ஹிஜ்ரி 354இல் (கி.பி. 965) பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம், பொருளிலிருந்து ஒளி கண்ணை வந்தடைவதாலேயே காட்சி நிகழ்கிறது என்பதைத் தம் 'கிதாபுல் மனாளிர்' நூலில் ஆய்வுகளுடன் விளக்கினார். அது இலத்தீனில் பெயர்க்கப்பெற்று, 1572இல் பாசல் நகரில் அச்சேறியது. ஐரோப்பியரின் ஒளியியல் கல்விக்கு அது பெருந்துணையாயிற்று. நுண்ணோக்கியை ஆக்கியவர் அவரல்லர். பார்வை பற்றிய அறிவைச் செம்மைப்படுத்தியவர். உள்ளதை உள்ளவாறு உரைப்பதும் அமானிதமே. மிகையை நம்பி வளரும் மாணவன், அது பொய்யென அறியும் நாளில் மெய்யான பெருமையையும் ஐயுறுவான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் யமன் நாட்டு வெண்பருத்தித் துணிகள் மூன்றில் கஃபனிடப்பட்டதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். அப்பாடத்தை நடத்தும் நாளில் ஒரு பஞ்சுத் துணுக்கையும் மாணவரிடம் கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்வோம். வாழ்ந்து முடிந்த ஓர் உயிரணுவை அவர்கள் தம் விரல்களாலேயே தொட்டறியலாம்.