களஞ்சியமும் உரலும்: செஞ்சி வட்டாரச் சமையற் கருவிகள் பற்றிய ஓர் ஆய்வு

செஞ்சிக் கோட்டையின் வரலாற்றை ஆராய்ந்தோர் பலராவர். அவருள் பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் அண்ணாமலைப் பல்கலைக்கழக வாயிலாக 1943-ஆம் ஆண்டில் வெளியிட்ட செஞ்சி வரலாறு தலைமை சான்றது. நாயக்கர், பீசப்பூரார், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் இக்கோட்டையை வென்றதும் இழந்ததும் இன்று நன்கு தெளிவாக்கப்பட்டுள்ளன. ஆயின், அக்கோட்டையைச் சூழ்ந்து வாழ்ந்த மக்கள் எக்கருவிகொண்டு உணவு ஆக்கினர் என்னும் வினா ஆராய்ச்சியாளர் கருத்தை அத்துணை ஈர்த்திலது. அரசியல் ஆவணங்களில் இதற்கு விடை தேடுதல் அரிது. இலக்கியமும், கட்டடங்களும், மக்கள் வழங்கும் வினைச்சொற்களுமே இதற்குச் சான்றாவன. அம்மூன்றனையும் ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இலக்கியச் சான்று

செஞ்சிக்குக் கிழக்கே, திண்டிவனத்தை அடுத்துள்ளது கிடங்கில். இஃது ஓய்மானாட்டு நல்லியக்கோடனுக்கு உரியதாய்ச் சிறுபாணாற்றுப்படையிற் கூறப்படும் ஊர். அந்நூலில் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார், பாணர் வழியிற் பெறும் உணவுகளை ஊர்தோறும் வேறுபடுத்திக் காட்டுகின்றார். ஆமூரிற் கிடைப்பது, உலக்கையால் நன்கு குற்றித் தீட்டிய அரிசியின் வெண்சோறும் நண்டுக் கலவையும் ஆகும். ஈண்டு ஒரு நுட்பம் கருதற்பாலது. சோற்றின் சிறப்பைக் கூறப் புகுந்த புலவர், அதனைக் குற்றிய உலக்கையின் இரும்புப் பூண் தேய்ந்திருத்தலையும் உடன் கூறுகின்றார். இரும்பு தேய வேண்டுமாயின் அவ்வுலக்கை எத்துணை ஆண்டுகள் ஓங்கப்பட்டிருத்தல் வேண்டும்! விருந்தோம்பலின் அளவைக் கருவியின் தேய்மானத்தால் அளந்து காட்டும் முறை இது.

பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர் புல்லரிசியைக் குற்றுவது முன்றிலில் அமைந்த நிலவுரலில். நிலத்தில் நிலைபெற்ற உரல் ஒன்று, பூண் கட்டிய உலக்கை ஒன்று. செஞ்சி வட்டாரத்துக்கு அணித்தான நிலப்பகுதியில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே இவ்விரண்டும் முழுவடிவம் பெற்றிருந்தன என்பது இவ்விரு பாட்டுக்களாலும் பெறப்படும்.

உலக்கைப் பணி பாட்டையும் பிறப்பித்தது. சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் வரும் வள்ளைப்பாட்டும், திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணமும் இடிக்கும் பெண்டிரின் பாட்டு வகையைத் தழுவியன. இருவர் மாறி மாறி உலக்கை ஓச்சுங்கால் தாளம் தவறுமாயின் உலக்கைகள் மோதும். ஆகவே, பாட்டு அவர்க்குப் பொழுதுபோக்காக மட்டும் அமையாது, பணியின் ஒழுங்காகவும் அமைந்தது.

2. கட்டடச் சான்று

செஞ்சிக் கோட்டை இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளை இணைத்தது. இராசகிரியின் அடியில் கல்யாண மகாலுக்கு அண்மையில் பெருங்களஞ்சியம் உண்டு. கிருட்டிணகிரி மீது கல்லாற் கட்டிய களஞ்சியங்களும், எண்ணெயும் நெய்யும் சேமித்தற்குரியவெனக் கூறப்படும் குழிகளும் உள்ளன. ஆனைக்குளம், சக்கரக்குளம், செட்டிக்குளம் ஆகியவை நீருக்கு உதவின. 1597-இல் இந்நகரைக் கண்ட பிமெண்டா என்னும் இயேசு சபைத் துறவி, போர்த்துகலில் இலிசுபனைத் தவிர வேறெந்நகரும் இதற்கு ஒப்பாகாது எனக் கருதினார். அத்துணைப் பெருநகர்க்கு நாள்தோறும் சோறு ஆக்குதல் எளிய செயலன்று.

1690 முதல் 1698 வரை மராட்டிய அரசர் இராசாராம் இக்கோட்டையிலிருக்க, சுல்பிகர்கான் தலைமையில் மொகலாயர் இடையிடையே தளர்ந்தும் தொடர்ந்தும் முற்றுகையிட்டனர். 1693-இல் மொகலாயர் உணவு முட்டுப்பாட்டால் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. வெளியே முற்றியோர் பசித்தனர். உள்ளே இருந்தோர் தாங்கினர். இதற்குக் களஞ்சியமே காரணம் என்று கூறி நிறுத்திக்கொள்ளுதல் பொருந்தாது. நெடுநாட் சேமிப்புக்கு ஏற்றது உமி நீங்காத நெல்லேயாகும். அரிசியாக்கினால் விரைவில் வண்டு பற்றும். நெல்லோ அப்படியே உண்ணற்காகாது. எனவே களஞ்சியத்து நெல்லைக் குற்றி, புடைத்து, தீட்டித் தரும் கைகளும் உரல்களும் கோட்டைக்குள் நாள்தோறும் இயங்கியிருத்தல் வேண்டும் என்பது துணிபு. மதிலும் பீரங்கியும் ஆற்றிய காவலுக்கு இவ்வுழைப்பு அடிப்படையாய் நின்றது. தேசிங்குராசன் கதைப்பாடல் 1714-இல் நிகழ்ந்த போரின் வாளையும் குதிரையையும் நினைவில் நிறுத்தியது. நெல் குற்றினோர்க்கு அத்தகைய கதைப்பாடல் எழவில்லை.

3. வினைச்சொற் சான்று

இனி, இவ்வுழைப்பைத் தமிழ்மொழி எங்ஙனம் பாகுபடுத்தியுள்ளது என்று காண்போம். நெல்லை உரலிற் குற்றுவர். உமி நீங்கிய அரிசியைத் தீட்டுவர். மாவையும் பொடியையும் இடிப்பர். துவரையையும் உளுந்தையும் திரிகையிற் திரிப்பர் அல்லது உடைப்பர். மிளகாயையும் தேங்காயையும் அம்மியில் அரைப்பர். ஊறிய அரிசியையும் உளுந்தையும் ஆட்டுக்கல்லில் ஆட்டுவர். முறத்தாற் புடைத்தலும் கொழித்தலும் வேறு வேறு செயல்கள். இவை ஒருபொருட் பன்மொழி அல்ல. ஒவ்வொரு வினையும் ஒரு கருவியையும், கை இயங்கும் ஒரு முறையையும் குறிக்கின்றது. குற்றுதலிலும் இடித்தலிலும் கை மேலுங் கீழுமாகச் செல்லும். அரைத்தலில் முன்னும் பின்னுமாகச் செல்லும். ஆட்டுதலில் வட்டமாகச் செல்லும். செக்கில் எண்ணெய் எடுத்தலையும் ஆட்டுதல் என்றே கூறுகின்றோம். குழிந்த கல்லுக்குள் உலக்கை சுழல்வதும் குழவி சுழல்வதும் ஒரே இயக்கம் என்பதை மக்கள் நுனித்தறிந்தே ஒரு சொல்லால் வழங்கினர்.

புதுப்பொருள் வந்தவிடத்தும் இந்நுண்மை புலனாகும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வணிகத்தின் வழியே இந்நாடு புகுந்தது. காரத்துக்கு மிளகையே அறிந்திருந்த தமிழர், வந்த காய்க்கு அதன் பெயரையே அடியாக்கினர். கருவி புதிதாக வேண்டியதில்லை. இருந்த அம்மியே போதுமாயிற்று. அவ்வம்மி இன்றும் மணவறையில் மிதிக்கப்படுகின்றது.

4. பொறிகளின் வருகை

இருபதாம் நூற்றாண்டில் அரிசி ஆலைகள் பரவியமையால் முதற்கண் விடைபெற்றது உலக்கையே. அதனோடு பணிப்பாட்டும் வீட்டு முற்றத்தினின்று நீங்கிற்று. ஆட்டுக்கல் பின்னும் நின்றது. கோயம்புத்தூரைச் சேர்ந்த பி. சபாபதி 1955-இல் மின்விசையால் இயங்கும் மாவாட்டும் பொறியை உருவாக்கினார். அதன் அமைப்பு ஆய்தற்குரியது. ஆட்டுக்கல்லில் கல் நிற்கக் குழவி சுழலும். இப்பொறியிலோ கலம் சுழலக் குழவி ஓரிடத்தே நிற்கும். இயக்கம் தலைகீழாயினும் கல்லோடு கல் உரசும் முறை மாறவில்லை. மாவும் மிகுதியாகச் சூடேறுவதில்லை. ஆகவே இல்லத்தார் இதனை ஏற்றனர். கருவிக்குக் ‘கிரைண்டர்’ என்னும் ஆங்கிலப் பெயர் நிலைத்தது. செயலுக்கோ ‘ஆட்டுதல்’ என்னும் பழஞ்சொல்லே நின்றது. ‘மாவு அரைத்தல்’ என்னும் வழக்கும் வடமாவட்டங்களிற் பரவலாக உண்டு. எனினும் ‘மாவாட்டுதல்’ தமிழ்நாடெங்கும் பொருள் விளங்கும் சொல்லாகவே உள்ளது. கோயம்புத்தூர்க் கிரைண்டர் பின்னர்ப் புவிசார் குறியீடும் பெற்றது.

‘மிக்ஸி’யின் வரலாறு வேறு. 1963-இல் சத்திய பிரகாசு மாத்தூர் என்னும் பொறியாளர் ‘சுமீத்’ என்னும் பொறியை வெளியிட்டார். அவர்தம் மனைவியார் மாதுரி பயன்படுத்திய வெளிநாட்டுக் கருவி பழுதுற்றதே அதற்குத் தூண்டுகோல் என்பர். மென்பொருள்களைக் கலக்குதற்கென அமைந்த அயல்நாட்டு விசை, உலர்ந்த மஞ்சளுக்கும் ஊறிய பருப்புக்கும் ஈடுகொடுக்க வல்லதன்று. ஈண்டும் கருவியைச் சோதித்துத் தீர்ப்பளித்தது அடுக்களையே. மிக்ஸி கல்லை விடுத்து அலகால் வெட்டுவது. ஆதலின் அம்மி, திரிகை, சிற்றுரல் ஆகிய மூன்றன் பணியையும் ஒன்றே மேற்கொண்டது. பணிகள் ஒன்றாகவே வினைகளும் ஒன்றாயின. இடித்த பொடியும் திரித்த மாவும் அரைத்த விழுதும் இன்று பெரும்பாலும் ‘அரைத்தவை’ ஆகிவிட்டன. இட்டலி மாவுக்கு மட்டும் கிரைண்டரை விடாது பேணும் இல்லங்கள் மிகப் பல. விரைந்து சுழலும் அலகு மாவைச் சூடேற்றுதலும், உளுந்து கல்லில் ஆட்டியவாறு பொங்கி வாராமையும் அதற்குக் காரணமாம்.

2011-இல் தமிழ்நாட்டரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. முன்னர் நடுத்தரக் குடும்பங்களளவில் நின்ற பொறிகள் அதன்பின் சிற்றூர்க் கூரைவீடுகளையும் எய்தின. இதனை இழப்பென்று மட்டும் எண்ணுதல் நடுவுநிலைமையன்று. இரும்பு தேயக் குற்றிய கை ஒரு பெண்ணின் கை. அக்கைக்கு ஓய்வு கிடைத்தமை வரலாற்றிற் பெரும்பேறேயாகும்.

5. முடிவுரை

மேற்கூறியவற்றால், சமையற் கருவி மாறும்போதெல்லாம் இல்லத்தார் அதனைப் பழைய கருவியின் பயனோடு ஒப்பிட்டு நோக்கியே கொண்டனர் அல்லது தள்ளினர் என்பதும், அத்தீர்ப்பு வினைச்சொற்களிற் பதிந்துள்ளது என்பதும் புலனாம். சொல்லொன்று நின்றவிடத்துப் பழைய இயக்கம் நின்றது. இயக்கம் மறைந்தவிடத்துச் சொல்லும் மங்குகின்றது.

2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாகச் செஞ்சி உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கோட்டைக் கற்களுக்கு இனிக் காவல் மிகும். கொல்லைப்புறத்தில் கவிழ்ந்து கிடக்கும் ஆட்டுக்கல்லுக்கோ, அதனோடு வழங்கிய சொற்களுக்கோ அத்தகைய காவல் இல்லை. கல்லினை அருங்காட்சியகத்தில் வைக்கலாம். தீட்டுதலுக்கும் குற்றுதலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கையால் அறிந்த மூதாட்டியர் சொல்வழக்கை அங்ஙனம் பின்னர்ப் பெறுதல் இயலாது. ஆகலின், செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி வட்டங்களின் சமையற் கருவிப் பெயர்களையும், அவற்றின் உறுப்புப் பெயர்களையும், வினைகளையும் ஊர்தோறும் தொகுக்கும் பணியை முதுகலை மாணவர் மேற்கொள்வாராக. சிறுபாணாற்றுப்படைக்கு உரை காண்பார்க்கும் இக்கோட்டையின் வரலாற்றை நிறைவு செய்வார்க்கும் அத்தொகுப்பு ஒருங்கே பயன்படும்.